கூட்டத்தின் முதல் பத்து நிமிடங்கள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

குழுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் தம் மனநிலையை ஒருவர்க்கொருவர் எவ்வாறு தெரிவித்துக்கொள்வது என்பது எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள். அழைப்பிதழில் இதைப் படித்துவிட்டு வந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வாயிலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தி, “ஐயா, நாம் கூட்டம் கூடுவது கணக்குப் பார்க்கவா, கண்ணீர் விடவா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாள் முழுதும் உழைத்துவிட்டு, இரவு உணவையும் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் நாம். ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது. ஆயினும், கணக்குச் சரியாக இருக்கவேண்டுமானால் கணக்கு எழுதுகிறவனின் மனத்தையும் அறிந்திருக்கவேண்டும் என்பதை நான் பட்டு அறிந்தேன். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நம் மண்ணைச் சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவியவர். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர். இவை நீங்கள் மேடைதோறும் கேட்டவை. அவருடைய பள்ளிப்பருவத்தைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. கோயம்புத்தூரில் அவர் படித்தபோது பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களில் ஒரு பத்துப்பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணப் பிள்ளைகள். மற்றப் பிள்ளைகளுடன் பழகினால் ஊர் எது, வீடு எங்கே, உறவினர் யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்ற அச்சம் அவருக்கு. ஆகவே காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் செல்வார். மாலையில் மற்றவர்கள் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவார். விளையாட்டு என்பதே இல்லை.

இதை அவர் எழுதியது எப்போது தெரியுமா? 1939ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில். எண்பதை நெருங்கிய வயதில், அறுபது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் கிடந்த ஒன்றை எழுதினார். சட்டசபையில் அமர்ந்து, மன்னரின் பட்டங்களும் பெற்ற ஒருவரின் உள்ளத்தில், பள்ளிச் சுவரின் ஓரத்தில் மணியோசைக்குக் காத்திருந்த அந்தச் சிறுவன் அழியாமல் இருந்தான். எத்தனை பேர் எழுதாமலே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அது பழங்கதை என்று யாரேனும் கருதலாம். தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய அமைக்கப்பட்ட தோராத் குழு 2007இல் தன் அறிக்கையை அளித்தது. விடுதியில் ஒதுக்கப்படுதல், உணவறையில் தனித்து விடப்படுதல், வகுப்பில் ஆசிரியரின் புறக்கணிப்பு ஆகியவற்றை அது எடுத்துக் கூறிற்று. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியில் படித்த பிள்ளைகளும், கோவையில் மணியோசைக்குக் காத்திருந்த பிள்ளையைப் போலவே வாயை மூடிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் வெளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டிலிருந்து நம் கழகத்தின் பாய்க்கும் கொண்டுவருகிறார்கள். வெளியே வாயை மூடிப் பழகியவனுக்கு உள்ளே வந்ததும் வாய் திறந்துவிடாது.

நம் கூட்டங்கள் நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். தலைவர்களின் படங்களுக்கு மாலை, சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசித்தல், வரவு செலவு, மாலைப் பள்ளி அறிக்கை, அதன் பின் “தலைவரின் அனுமதியுடன் இதர பொருள்கள்”. அந்த இதர பொருளுக்கு வரும்போது இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். கடைசிப் பேருந்துக்கு இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். தேநீர்க் குவளைகளை ஒருவர் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு மனிதனுடைய துயரம் அந்த நேரத்தில், அந்தக் குவளைச் சத்தத்துக்கு நடுவில் தலைவரின் அனுமதி கேட்டுக்கொண்டு வரவேண்டும்! வருமா?

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நிற்க, கீழே ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பூனையின் கபடத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறோம். எனக்கோ கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நாமெல்லோரும் ஓரளவு அந்தப் பூனைதான் என்று தோன்றும். கபடத்தால் அன்று, வேறு வழி தெரியாமையால் அந்த நிலையில் நிற்கிறோம். முகத்தை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, உள்ளே ஆயிரம் எலிகள் ஓடினாலும் அசையாதிருக்கப் பழகிவிட்டோம்.

இப்பொழுது என் தவறொன்றைச் சொல்லவேண்டும். கழகம் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருக்கும்; நான் செயலாளராக இருந்தேன். மாலைப் பள்ளிக் கணக்கை ஓர் இளைஞர் பார்த்துவந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மூன்று வாரம் அவர் வரவில்லை. நான்காம் வாரம் வந்தார், ஏட்டைப் பார்த்தோம், 640 ரூபாய் குறைந்தது. நிறைந்த கூட்டத்தில் நான் கேட்டேன். அவர் பேசவில்லை. சமுதாயப் பணத்தின் அருமை தெரியுமா என்றேன். நம் தாய்மார்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு என்றேன். இன்னும் சிலவும் சொன்னேன். அவர் ஏட்டை மூடி, பேனாவை அதன் மேல் நீளவாக்கில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் என் பெயருக்கு 640 ரூபாய் பணவிடை வந்தது. பணவிடைத் தாளின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு இடம் விட்டிருப்பார்கள் அல்லவா? அதில் ஓர் எழுத்தும் இல்லை.

பிறகு வேறொருவர் வாயிலாகத் தெரிந்தது: அவருடைய தந்தை கல்லுடைக்கும் இடத்தில் விபத்துக்கு ஆளாகி மருத்துவமனையில் கிடந்தார். மருந்துக்காகப் பணத்தை எடுத்து, கூலி வந்ததும் வைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறார். தந்தை பிழைக்கவில்லை. அந்தச் சாவு நிகழ்ந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் அவர் எங்கள் முன் அமர்ந்திருந்தார். வந்தவுடன் “தம்பி, எப்படியிருக்கிறாய்? மூன்று வாரம் காணோமே” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். பதினாறு பேர் இருந்தோம். ஒருவரும் கேட்கவில்லை. அவர் இன்று வேறு மாநிலத்தில் வேலை செய்கிறார். கழகத்துக்குத் திரும்பவே இல்லை. எழுத்தில்லாத அந்தத் துண்டுத் தாள் என்னிடம் இருக்கிறது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, மற்றவர்கள் தம் கூட்டங்களை எவ்வாறு தொடங்குகிறார்கள் என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இன வெறுப்பையும் மத வெறுப்பையும் எதிர்த்துப் பணியாற்றுவோருக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. நடத்தியவர் கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞர். அவர் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். அவருடைய தாயார் நாஜிகளின் கொடுமைக்கு இரையானவர். பகலில் பயிற்சி, இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, பயிற்சிக்கு வந்தோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று பேசுவார்கள். ஒருநாள் பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்றனர். தம்மைப் பற்றிய குறிப்பைக் கேட்ட ஓர் அம்மையார் ‘அப்போது என் மனத்தில் இருந்தது அதுவன்று’ என்று மறுத்துரைத்தார். அங்கே உண்மையான பேச்சு தொடங்கிற்று. பகல் முழுதும் நடந்த விரிவுரைகளைவிட இந்த இரவுப் பேச்சில் அதிகம் கற்றதாக எல்லோரும் உணர்ந்தனர். குழுவில் மனம் திறந்து பேசும் பயிற்சி முறைகள் பல இதிலிருந்து கிளைத்தவை. வெறுப்பை எதிர்த்துப் போராட வந்தவர்களின் முகாமில் இது பிறந்தது என்பதை நம் இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைக் கைக்கொண்டது பின்னாளில்.

நம் மூத்தவரின் கணக்குக் கேள்விக்கு விடை ஆமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியையின் ஆய்வில் இருக்கிறது. மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் 1990களில் ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில் பதிவான தவறுகள் அதிகம்! பின்னர்த்தான் காரணம் விளங்கிற்று. நல்ல குழுவில் தவறு செய்தவர் அச்சமின்றி அதைச் சொல்லுகிறார். மற்றக் குழுக்களில் மறைக்கிறார்கள். எங்கள் 640 ரூபாயும் அப்படி மறைந்ததுதான். பேச இடமிருந்தால் அது கடன் என்று ஏட்டில் ஏறியிருக்கும். நாங்களே மேலும் சேர்த்துக் கொடுத்திருப்போம்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தியை எடுக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. தில்லி உள்ளிட்ட எட்டு நகர மருத்துவமனைகளில் பார்த்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலில் 19 செய்திகள் உண்டு. பெயர் சொன்னதால் மட்டுமே குறைந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவர், பின்னர் ஆபத்தைக் கண்டால் மீண்டும் வாய் திறப்பார் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. நம் மகளிர் குழுக்கள் இதை முன்பே செய்துவருகின்றன. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களில் பெண்கள் வட்டமாகவே அமர்கிறார்கள். வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது. நாம் ஆண்கள்தான் மேசை போட்டு, நாற்காலி போட்டு, எதிரே பாய் விரிக்கிறோம்.

கடற்கரையில் நான் கண்ட ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபின் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களுக்கு நிவாரணப் பணிக்காக நம் இளைஞர் சிலருடன் சென்றிருந்தேன். அரிசியும் பாயும் கொடுத்தோம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் அக்காலத்தில் தமிழகக் கடற்கரையில் உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனத்துயர் கேட்கும் பயிற்சி அளித்தனர். மருத்துவர் அல்லாத சாதாரண மனிதரும், முறை தெரிந்தால் பிறர் துயரைக் கேட்டு ஆற்றலாம் என்பது அவர்கள் கொள்கை. கேள், நடுவில் புகாதே, அழுதால் அழவிடு, விளையாட்டும் படமும் குழந்தையின் பேச்சு என்று அறி என்றார்கள். ஒரு முகாமில் பேசவே மறுத்த சிறுவன் ஒருவன் காகிதத்தில் கடலை வரைந்தான்; அது தென்னைமரத்துக்கு மேல் நின்றது. அதன்பின் கீழே ஒரு சிறு வீட்டை வரைந்து, அதன் கதவை மட்டும் மெதுவாக வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அன்று யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். அரைமணி கழித்து அவனே பேசினான். அன்று கற்றதை அடுத்த ஆண்டுகளில் என் கழகக் கூட்டத்திலேயே நான் மறந்துவிட்டேன் என்பதை நினைத்தால் இன்னும் நாணமாக இருக்கிறது.

இனி, நாங்கள் செய்துபார்த்த முறைகளைச் சொல்கிறேன். “உன் மனம் எப்படியிருக்கிறது?” என்று நேரே கேட்டால் நம்மவர் சொல்லும் விடை ஒன்றே: “நல்லா இருக்கேன்.” ஆகவே சுற்றிவளைத்துக் கேட்கவேண்டும். செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். கரும்பலகையில் ஓர் ஏரியை வரைகிறோம்: கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால். ஒவ்வொருவரும் சுண்ணக்கட்டியால் இன்று தம் ஏரியில் எவ்வளவு நீர் என்று ஒரு கோடு போடவேண்டும். வேண்டுமானால் ஒரு சொல் சொல்லலாம். ஒருவர் “கலங்கல் ஓடுகிறது” என்பார்; மகளுக்கு வேலை கிடைத்திருக்கும். ஒருவர் “நீர் உண்டு, மதகு அடைத்துக்கொண்டது” என்பார். “வரத்துக்காலை எவனோ ஆக்கிரமித்துவிட்டான்” என்று ஒரு முதியவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. ஏரியை நம்மவர் நன்கு அறிவர். பல ஊர்களில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் கட்டும் நீர்க்கட்டி வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் நாம். நீர் பாய்ந்த வயல்தான் நம்முடையதாக இல்லை.

கடற்கரைக் கிளையினர் ஏரிக்குப் பதிலாகக் காற்றை வைத்துக்கொண்டனர். வாடையா, தென்றலா, கோடையா, கொண்டலா என்று அவரவர் சொல்லவேண்டும். அவர்களே வட்டத்தின் நடுவில் ஒரு சங்கை வைக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தனர். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். எப்போதும் பேசுகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சங்கு மிக நல்ல மருந்து.

சென்ற ஆண்டுகளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் இதன் பயன் விளங்கும். கல்லூரி மாணவியான ஒரு பெண், ஏரியின் அடித்தளத்திலேயே கோடு போட்டு, “வற்றிவிட்டது” என்றாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அதே கோடு. மூன்றாம் வாரம் இன்னொரு பெண் எழுந்து, தனக்குத் தனிக் கோடு போடாமல் அதே கோட்டைத் தொட்டு, “எனக்கும் அவளுக்கும் ஒரே ஏரி” என்றாள். விசாரித்தபோது தெரிந்தது இது: மாலைப் பேருந்து நம் குடியிருப்பு நிறுத்தத்தில் நிற்பதில்லை. ஊர் நிறுத்தத்தில் இறங்கி, இருட்டில் அரை மைல், ஏச்சும் கிண்டலும் கேட்டுக்கொண்டு நடக்கவேண்டும். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். ஆகவே இருவரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், தாங்களே படிப்பை நிறுத்திவிட முடிவு செய்திருந்தார்கள். அன்றிரவே அது கூட்டப் பொருளாயிற்று. 43 பேர் கையெழுத்திட்ட மனு போயிற்று. இரண்டு மாதம் அலைந்தோம். இப்பொழுது பேருந்து நிற்கிறது. மழை நாளில் மட்டும் இன்னும் தகராறு உண்டு. இருவரும் பட்டம் பெற்றுவிட்டார்கள். ஒருவர் இந்தப் பந்தலில்தான் இருக்கிறார். அவர் என்னை முறைப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மற்றது பறையைப் பற்றியது. நம் கலைக்குழு இளைஞர்கள் ஒருநாள் வட்டத்தின் நடுவே பறையை வைத்து, அவரவர் மனத்தின் ஓசையை அதில் அடித்துக் காட்டுங்கள் என்றனர். பலர் மகிழ்ச்சியுடன் அடித்தனர். அறுபது கடந்த ஒரு பெரியவரின் முறை வந்தது. அவர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “என் தகப்பனார் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் சாவுச் செய்தி சொல்லப் போனார். கூலி கேட்டதற்கு அடி வாங்கி வந்தார். பன்னிரண்டு வயதில் நான் இதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்” என்றார். இளைஞர்களில் ஒருவர், பறை நம் கலை, நம் பெருமை, அதை நாமே தள்ளலாமா என்று வாதிட எழுந்தார். சங்கு பெரியவர் கையில் இருந்ததால் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, “நீ அடி தம்பி. நான் தொடமாட்டேன், கேட்கிறேன்” என்றார். கலைநிகழ்ச்சி தொடங்கும்போதெல்லாம் அவர் எழுந்து போவதை நாங்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறோம். தலைக்கனம் என்று எண்ணியிருந்தோம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது; அதைத் தீர்த்துவைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த கட்டுப்பாடுகள் சில உண்டு. பேச விரும்பாதவர் சங்கை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், காரணம் கேட்கக்கூடாது. சொன்னது எதுவும் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறக்கூடாது. வெளியே போகவும் கூடாது. ஒருமுறை ஒரு தம்பி சொன்ன குடும்பச் செய்தி மறுநாளே தேநீர்க் கடையில் பேசப்பட்டது. அதன்பின் அந்தக் கிளையில் ஆறு மாதம் எல்லோருடைய ஏரியும் சரிபாதியிலேயே நின்றது! அறிவுரை சொல்லக்கூடாது என்பதுதான் நமக்கு மிகக் கடினம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இன்னும் கடினம். தலைவரும் செயலாளரும் முதலில் சொல்லவேண்டும். அவர்கள் முகம் திறவாமல் பிறர் முகத்தைத் திறக்கச் சொல்வது முறையன்று. பதினைந்து பேர் ஆளுக்கு நாற்பது வினாடி பேசினால் பத்தே நிமிடம். அதற்குமேல் தேவைப்படுகிறவருடன் கூட்டம் முடிந்தபின் ஒருவர் உடன் நடந்து போகவேண்டும். உறக்கமில்லை, உயிர்வாழப் பிடிக்கவில்லை என்று யாரேனும் குறிப்பாகச் சொன்னாலும், அதை ஏரியும் காற்றுமாக விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும். நம்மிடம் உள்ளது சுண்ணக்கட்டி, மருந்து அன்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில தொழிலகங்களிலும் அலுவலகங்களிலும் இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள். கூலி உயர்வு கேட்பவனை வட்டத்தில் உட்காரவைத்து, “இன்று உன் மனம் என்ன நிறம்?” என்று கேட்டு, கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்று நம் இளைஞர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் துயரில் பெரும்பகுதி மனத்தில் பிறந்ததன்று. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலங்கள் கைமாறிப் போனதை மீட்கக் காரணையில் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர்நீத்தனர். அவர்கள் கேட்டது நிலம். நிலம் கேட்டவனிடம் போய் உன் மனத்தில் என்ன காற்று என்று கேட்பது கேலியாகும். ஆனால் நிலம் கேட்கப் புறப்படுமுன், தன் இழிவு தன் ஒருவனுடையது அன்று, பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்கும் அதே ஏரி என்று ஒருவன் அறியவேண்டுமே. அந்த இரண்டு பெண்கள் அறிந்தது போல. சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஓடி வீடு சேர்ந்த கோழியாளத்துச் சிறுவன், வளர்ந்தபின் அதே சாதிப் பெயரைத் தன் இதழின் தலைப்பில் அச்சிட்டான். இடையில் எத்தனை பேருடன் அமர்ந்து பேசியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த வட்டத்தில் தாய்மார்கள் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தன்று அவர்கள் சமையற்கட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தால், நாம் பகிர்ந்துகொள்வது பாதி ஊரின் மனம்தான். தேநீரைப் பத்து நிமிடம் கழித்து, ஆண்களே போடலாம். எனக்குப் போடத் தெரியும். சர்க்கரை சற்று அதிகமாகிவிடும்.

பேச்சு நீண்டுவிட்டது. பக்கத்தில் கரும்பலகை இருக்கிறது. ஏரியை வரைந்துதான் வைத்திருக்கிறார்கள். செயலாளர் முதலில் சொல்லவேண்டும் என்று நானே கூறினேன். முன்னாள் செயலாளனுக்கும் அது பொருந்தும். இருபத்தைந்தாம் ஆண்டு விழா என்பதால் கலங்கல் வரை கோடு போட ஆசைதான். ஆனால் அந்தப் பணவிடைத் தாளை இன்று காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஆகவே இதோ, பாதிக்குச் சற்றுக் கீழே போடுகிறேன். சுண்ணக்கட்டி இங்கே இருக்கிறது; முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி வரலாம். வர விருப்பமில்லையென்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.